மூன்று நாள் காய்ச்சல்

மே 14, 2021, வெள்ளி

ஆக்ஸிஜன் அளவையும் சர்க்கரை அளவையும் வேளைக்கு வேளை குறித்து வைக்கச் சொல்லி எப்சிபா சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்தார். முன்பக்கம் அளவுகளுக்கு. பின்பக்கத்திலிருந்து நான் எனக்காக எழுதுகிறேன். இருபத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவுப் பதிவேடு எழுதிய கை. சும்மா இருக்க அதற்குத் தெரியாது.

காலை பத்து மணிக்கு இவரை இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். கவுந்தப்பாடியிலிருந்து ஆம்புலன்ஸில் வரும்போதே பேச்சு குறைந்துவிட்டது. வாசலில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். 84. வண்டிக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு, இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. காலையில்தான் காலியானது என்றார்கள். எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை.

டாக்டர்கள் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உறைக்குள் இருப்பதால் முகம் தெரியாது. முதுகில் பேனாவால் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். எங்களிடம் வந்தவர் முதுகில் ‘மெஹர்’ என்று இருந்தது. குரலை வைத்துச் சின்னப் பெண் என்று தெரிந்தது. கையில் ஒரு படிவம். பெயர் குப்புராஜ், வயது ஐம்பத்து மூன்று, சாயப்பட்டறையில் மேற்பார்வையாளர், சர்க்கரை ஒன்பது வருடமாக, தடுப்பூசி போடவில்லை. எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டார்.

மூன்று நாள் என்றேன்.

இவர் மாஸ்க்குக்கு மேலே கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். பேச மூச்சு இல்லை. டாக்டர் கட்டத்துக்குள் 3 என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மே 15, சனி

காலை 88, மதியம் 90, மாலை 87. எல்லாம் பை வைத்த மாஸ்க்கோடு. சர்க்கரை 312. வீக்கம் குறைய ஊசி போடுகிறார்கள், அதுதான் சர்க்கரையை ஏற்றுகிறதாம். அதற்கு இன்சுலின். ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் இன்னொரு ஊசி.

கட்டிலுக்கு ஒருவர் கூட இருக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். விடாமல் என்ன செய்வார்கள்? நாற்பது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்கள். இவரைக் குப்புறப் படுக்க வைக்க எப்சிபா சிஸ்டர் கற்றுக்கொடுத்தார். நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று, முகம் பக்கவாட்டில். இரண்டு மணி நேரம் அப்படி, பிறகு ஒரு பக்கம், பிறகு உட்கார வைப்பது. குப்புறப் படுத்ததும் ஆக்ஸிஜன் எண் மூன்று புள்ளி ஏறுகிறது. கண் முன்னால் ஏறுவதைப் பார்க்கும்போது, ஏதோ நம் கையிலும் இருக்கிறது என்று ஒரு தைரியம்.

மதியம் டாக்டர் மெஹர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“மூணு நாள்ல நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காதுங்கம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முன்னாடி லேசா உடம்பு வலி, சூடு எதாச்சும் இருந்துச்சா?”

பட்டறைச் சூட்டில் வேலை செய்கிறவர், உடம்புச் சூடு எப்போதும் இருக்கும் என்றேன். அவர் மறுபடி படிவத்தைப் பார்த்தார். அது எதற்கு என்று நான் கேட்டேன். ஒரே வார்டு, ஒரே மருந்து, ஒருவர் நடந்து வீட்டுக்குப் போகிறார், பக்கத்துக் கட்டில்காரர் போய்விடுகிறார், எதனால் என்று கண்டுபிடிக்கத்தான் என்றார். வயதா, சர்க்கரையா, வரும்போது இருந்த ஆக்ஸிஜனா, எத்தனை நாள் கழித்து வந்தார்கள் என்பதா. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். இதுவரை இருநூற்றுச் சொச்சம் சேர்ந்திருக்கிறதாம்.

“நீங்க சொல்றதுதான் எங்களுக்குக் கணக்கு. தப்பாச் சொன்னா கணக்கும் தப்பாயிரும்” என்றார்.

மே 16, ஞாயிறு

காலை 89. இரண்டு இட்லி சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் மாஸ்க்கை எடுத்து மாட்ட வேண்டும். எடுத்தால் 80க்குக் கீழே ஓடுகிறது. இரண்டு இட்லிக்கு நாற்பது நிமிடம்.

போன ஞாயிறு இந்நேரம் அந்தியூரில் மகள் பிரதீபாவின் நிச்சயத் தாம்பூலம் மாற்றிக்கொண்டிருந்தோம். திங்கள் முதல் ஊரடங்கு என்று சனிக்கிழமை அறிவித்ததும், வைகாசியில் வைத்திருந்ததை மறுநாளைக்கே இழுத்துக்கொண்டோம். தேய்பிறை என்று யாரோ முனகினார்கள். சின்ன மண்டபம், முப்பத்தேழு பேர். இவருக்குப் பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டும்படி வியர்த்திருந்தது. அங்கே ஃபேன் சரியில்லை.

பிரதீபா போனில் பேசினாள். வாசனை தெரியவில்லையாம், மற்றபடி நன்றாக இருக்கிறாள். கஷாயம் குடிக்கச் சொன்னேன்.

மே 17, திங்கள்

சுகாதார ஆய்வாளர் என்று ஒருவர் போன் செய்தார். காய்ச்சல் 12ஆம் தேதி ஆரம்பித்ததாக ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறது, அதற்கு இரண்டு நாள் முன்னால், அதாவது 10ஆம் தேதியிலிருந்து யார் யாரைப் பார்த்தார் என்று கேட்டார். 10ஆம் தேதியிலிருந்து ஊரடங்கு. வீட்டில்தான் இருந்தார். நான், மகள், பால்காரர். மூன்று பெயர் கொடுத்தேன். ரொம்ப நல்லதுங்கம்மா, எல்லோரும் உங்களைப் போல இருந்தால் எங்களுக்கு வேலை குறையும் என்றார்.

மே 18, செவ்வாய்

எதிர்க்கட்டில் வாத்தியார் காலையில் போய்விட்டார். நேற்று அவருடைய மனைவிதான் எனக்குத் தலையணை உறை கொடுத்தார். அந்த அம்மா அழவில்லை. போர்வையை மடித்து, தம்ளரைக் கழுவி, எல்லாவற்றையும் கூடையில் அடுக்கினார். “ஊசி போட்டுக்கங்கன்னு மூணு தடவை சொன்னேனுங்க” என்று மட்டும் சொன்னார்.

இங்கே எல்லோரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால். அந்தச் சாவு வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால். வராந்தாவில் டீ வாங்க நிற்கும்போது பேசுவதெல்லாம் இதுதான்.

நான் அதில் கலந்துகொள்வதில்லை. நிச்சயத்தைத் தள்ளிப் போடலாமா என்று இவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது அது காய்ச்சல் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மே 19, புதன்

91. 92. 91.

மே 20, வியாழன்

சம்பந்தியம்மாவைச் சேர்த்திருக்கிறார்கள்.

பகல் பதினொரு மணிக்கு மாப்பிள்ளை நவநீதன் போன் செய்தார். அவருக்கும் தொற்று, லேசாகத்தான், ஒரு கல்லூரியில் கட்டில் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்த மையத்தில் இருக்கிறார். அம்மாவுக்கு ஒரு வாரமாக உடம்பு வலி, காய்ச்சல். தூக்கம் கெட்டதால் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறார். நோயாளி யாரையும் சந்திக்காதபோது சோதனை எதற்கு என்று இருந்துவிட்டார்களாம். இன்று காலை பேச்சு குழறியதும் பக்கத்து வீட்டார் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூட இருக்க ஆளில்லை. ருக்மணியம்மாள் முப்பது வயதிலேயே கணவரை இழந்தவர். இந்த ஒரு மகன்தான்.

“நீங்க அங்கதான இருக்கறீங்க அத்தை, ஒரு எட்டுப் போயிப் பாருங்க” என்றார்.

பெண்கள் வார்டு இதே மாடியில், வராந்தாவுக்கு அந்தப் பக்கம். போனேன். நிச்சயத்தன்று அரக்குப் பட்டில், வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தன் கையால் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றவர். கட்டிலில் பாதியாகத் தெரிந்தார். வரும்போது 76. என்னைப் பார்த்ததும் கை கூப்பினார்.

எப்சிபா சிஸ்டரிடம் சொல்லி இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கினேன்.

மே 21, வெள்ளி

இவர் 92, மாஸ்க்கின் அளவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். சம்பந்தியம்மா 83.

காலையில் இவருக்கு முகம் துடைத்து, கஞ்சி கொடுத்து, குப்புறப் படுக்க வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். அவருக்குத் தலை வாரிப் பின்னலிட்டு மேலே கட்டினேன், மாஸ்க் வாரில் முடி சிக்கி இழுத்துக்கொண்டிருந்தது. குப்புறப் படுக்க அவருக்குப் பயம், மூச்சு நின்றுவிடும் என்கிறார். முதுகில் கை வைத்துக்கொண்டே இருந்தால் படுக்கிறார். கையை எடுத்தால் திரும்பிவிடுகிறார். இங்கே கை வைத்திருக்கும் நேரம் அங்கே இவர் தனியாக. நோயாளியின் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதற்கு டாக்டரின் படிவத்தில் கட்டம் இல்லை. இருக்க வேண்டும்.

இவரிடம் சம்பந்தியம்மா வந்திருப்பதை இன்றுதான் சொன்னேன். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, என் பெயர் சொல்லி, “சொல்லீரு மணி” என்றார். மாஸ்க்கை எடுத்தால் எண் இறங்கும் என்று நான் திரும்ப அழுத்தினேன்.

மே 22, சனி

சம்பந்தியம்மா 84, 82, 85. ஒரு பால் பன்னும் அரை முட்டையும் சாப்பிட்டார்.

மதியம் டாக்டர் மெஹர் அவருக்கான படிவத்தோடு வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வயது ஐம்பத்தாறு. ரத்தக் கொதிப்பு உண்டு. எத்தனை நாள்? 12ஆம் தேதி புதன்கிழமையிலிருந்து என்று சரியாகச் சொன்னார். அப்படியானால் எட்டு நாள் கழித்து வந்திருக்கிறார். நோய் உள்ளவர் யாரையாவது பார்த்தீர்களா? இல்லை. எங்கும் போகவில்லை, மகனின் நிச்சயத்துக்கு மட்டும்தான், அங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை என்றார்.

டாக்டர் போன பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

“எங்க பக்கத்து ஆளுங்க யாரோதான் கொண்டாந்துட்டாங்க போல சம்பந்தி. அங்க வந்துட்டுப் போயி மூணு நாள்ல அண்ணனுக்குக் காச்சல்னு நவநீதன் சொன்னான். எங்களாலதான அவரு இப்பிடிக் கெடக்கறாரு. நல்ல காரியம்னு கூப்பிட்டு இப்பிடிப் பண்ணிப்போட்டமேன்னு மனசு அடிச்சுக்குதுங்க. மன்னிச்சுக்கங்க.”

அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஸ்ட்ராவில் நான்கு மடக்கு குடித்தார்.

மே 23, ஞாயிறு

18ஆம் தேதி இந்த நோட்டில் எழுதியது உண்மையில்லை. யாரும் படிக்காத நோட்டில்கூட நான் பொய் எழுதியிருக்கிறேன்.

இவருக்குக் காய்ச்சல் வந்தது 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை. சனிக்கிழமை 101. அன்று இவர் கேட்டார். “நிச்சயத்தைத் தள்ளி வெச்சுக்கலாமா மணி, எனக்கென்னமோ இது சாதாரணமாத் தெரியல.” நான்தான் முடியாது என்றேன். பிரதீபாவுக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு இடம் பேசி முடிந்த பிறகு தட்டிப் போனது. மூன்றாவது இது. காய்ச்சல் என்றால் அவர்கள் தள்ளிப் போடுவார்கள், ஊரடங்கு எத்தனை மாதமோ, தள்ளிப் போனது திரும்ப வராது என்று எனக்குப் பயம். ஞாயிறு காலை கிளம்பும் முன் காய்ச்சல் மாத்திரை ஒன்று, மண்டபத்துக்குள் நுழையும் முன் இன்னொன்று என்று கொடுத்து, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவ வைத்தேன். நெற்றிக்கு நேரே துப்பாக்கி போல ஒன்றைப் பிடித்துச் சூடு பார்ப்பார்களே, அதில் சரியாக வந்தது. இவர் சம்பந்தியம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்.

பிறகு சோதனைக்குப் போனால் தேதி வெளியில் தெரியுமே என்று வியாழன் வரை வீட்டில் வைத்திருந்தேன்.

இன்று காலை பத்து மணிக்கு டாக்டர் மெஹர் வராந்தாவில் தனியாக நின்றபோது போய்ச் சொன்னேன். சேர்த்த அன்று எட்டாவது நாள், மூன்று இல்லை. நிச்சயத்தன்று மூன்றாவது நாள். முப்பத்தேழு பேர் இருந்தார்கள்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடி உறையில் ஆவி படிந்திருந்தது, கண் தெரியவில்லை. உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வந்தார். 3ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதினார். சம்பந்தியம்மாவின் படிவத்தையும் எடுத்து ஒரு வரி எழுதினார்.

“அந்த முப்பத்தேழு பேரோட பேரும் நம்பரும் இப்பவே வேணும்” என்றார்.

அவர் கேட்ட பெயர்களை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நம்பர்களுக்குப் பிரதீபாவுக்குப் போன் செய்தேன். எதற்கு என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

போகும்போது ஒன்று கேட்டேன். நான் அன்றைக்கே எட்டு என்று சொல்லியிருந்தால் சம்பந்தியம்மா பிழைத்துக்கொள்வாரா?

“சுகாதார ஆய்வாளர் முன்னாடியே அவங்களைக் கூப்பிட்டிருப்பார். 95ல வந்திருப்பாங்க, 76ல வந்திருக்க மாட்டாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்கம்மா. 95ல வந்தவங்களும் போயிருக்காங்க.”

சம்பந்தியம்மாவிடம் இன்றே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவர் அப்போதுதான் குப்புறப் படுத்துக் கண்ணயர்ந்திருந்தார். எண் 87 காட்டியது. இத்தனை நாளில் அதுதான் அதிகம். எழுப்ப மனம் வரவில்லை. முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 24, திங்கள்

இன்று முதல் கடைகளும் இல்லை. டீ இல்லை. சம்பந்தியம்மா 79. பேச விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மே 25, செவ்வாய்

நேற்று முப்பத்தேழு பேருக்கும் போன் போயிருக்கிறது. யார் மூலம் பரவியது என்று மட்டும் சொல்லவில்லையாம். ஒன்பது பேருக்கு இருக்கிறது. இவருடைய அண்ணனுக்கு, அறுபத்து மூன்று வயது, எந்தத் தொந்தரவும் இல்லாமல் 91. அவர் தோட்டத்தில் மஞ்சள் நடப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தாராம். கீழ் மாடியில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் வந்தார் என்கிறார்கள்.

சம்பந்தியம்மாவை மதியம் பெரிய கருவி இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே என்னை விடவில்லை. தள்ளுவண்டியில் போகும்போது என்னைத் தேடினார். நான் பார்க்கும் இடத்தில்தான் நின்றேன். எதுவும் சொல்லவில்லை. சுற்றிலும் ஐந்து பேர் இருந்தார்கள்.

மே 26, புதன்

காலை 9.40க்கு ருக்மணியம்மாள் இறந்துவிட்டார்.

மே 28, வெள்ளி

நவநீதனுக்கு மையத்திலிருந்து இரண்டு மணி நேரம் வெளியே வர அனுமதி கொடுத்தார்கள். வெள்ளை உறையைப் போட்டுக்கொண்டு மின்மயானத்தில் பதினைந்து அடி தள்ளி நின்றாராம். முகம் காட்டவில்லை. பிரதீபாதான் போனில் சொன்னாள். அவள் அழுததை இன்றுதான் கேட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோதுகூட அவள் அழவில்லை.

இவர் 94. இரண்டு லிட்டர் போதும் என்கிறார்கள்.

சம்பந்தியம்மாவின் பொருள்களை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு ஜோடித் தோடு, போன், சீப்பு, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறவு என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டேன்.

ஜூன் 4, வெள்ளி

இவரை ஆறு நிமிடம் நடக்க வைத்துப் பார்த்தார்கள். 93க்குக் கீழே இறங்கவில்லை. கழிப்பறை வரை தானே போனார். வார்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூன் 7, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இருபத்து நான்கு நாள். இவருடைய அண்ணனும் போன வாரமே திரும்பிவிட்டார். டாக்டர் மெஹர் வாசல் வரை வந்தார். முதல் முறையாக முகத்தைப் பார்த்தேன், மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய புண். சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கறுப்புப் பூஞ்சை வரக்கூடும், கண்ணில், பல்லில் வலி வந்தால் உடனே வரச் சொன்னார். “உடனேன்னா உடனே” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஜூன் 20, ஞாயிறு

நவநீதன் பைக்கில் வந்திருந்தார். மெலிந்துவிட்டார். மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தோட்டையும் போனையும் சீப்பையும் கொடுத்தேன். சீப்பில் இரண்டு முடி இருந்தது. அதை எடுக்காமல் அப்படியே பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

தங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று அம்மாவுக்குக் கடைசி வரை வருத்தம் என்றார். கல்யாணத்தை ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம், அம்மாவுக்கும் அதுதான் ஆசை என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் எழுந்து வரவில்லை.

ஜூன் 29, செவ்வாய்

டாக்டர் மெஹர் போன் செய்தார். வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்களா, எப்படி இருக்கிறார்கள் என்று எல்லோரையும் கேட்கிறார்களாம். மூச்சு வாங்குகிறதா, மாடி ஏறுகிறாரா, வேலைக்குப் போகிறாரா. எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். வேலைக்கு இன்னும் இல்லை.

கடைசியில் அவர் படிவங்களைப் பற்றிக் கேட்டேன். நானூறு சேர்ந்திருக்கிறதாம். வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், 85க்குக் கீழே வந்தவர்கள், நாள் கடந்து வந்தவர்கள், இவர்கள்தான் அதிகம் போயிருக்கிறார்கள் என்றார். இதற்கு ஓர் ஆய்வு வேண்டுமா, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அவர்களுடைய பேராசிரியர் சொன்னாராம். டாக்டர் மெஹர் சிரித்தார். பிறகு, ஏன் நாள் கடந்து வந்தார்கள் என்று ஒரு கட்டம் போட்டிருக்கலாம், அது தோன்றவில்லை என்றார்.

ஜூலை 4, ஞாயிறு

பிரதீபாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை கொடுத்தது வரை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தார்.

“எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே நிறுத்தியிருப்பேன்.”

நாளை முதல் நம் மாவட்டத்தில் பஸ் ஓடும் என்று செய்தியில் சொன்னார்கள்.

ஜூலை 5, திங்கள்

முதல் பஸ்ஸில் அந்தியூருக்குப் போனேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். பிரதீபா நானும் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நவநீதன் திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் முன் பிடித்துவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டே, மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினார். இல்லை என்று உட்கார வைத்தேன். சுவரில் ருக்மணியம்மாளின் படம். நிச்சயத்தன்று எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். கழுத்தோரத்தில் என் புடவைக் கரை கொஞ்சம் தெரிந்தது.

சுற்றி வளைக்கவில்லை. 7ஆம் தேதி காய்ச்சல். 9ஆம் தேதி நிச்சயம். இவர் வேண்டாம் என்றார், நான் மாத்திரை கொடுத்து அழைத்து வந்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் என்று பொய் சொன்னேன். அதனால் உங்களுக்கு யாரும் நேரத்தில் போன் செய்யவில்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மாதமாகச் சுமந்தது.

அவர் எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. போய்விடலாமா என்று நினைத்தேன். போகச் சொல்லாமல் போகக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து, அம்மாவின் கடைசி ஆறு நாளைச் சொல்லச் சொன்னார். அங்கே வேறு யாரும் இல்லை, நீங்கள்தான் இருந்தீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். முதல் நாள் கை கூப்பியது. பின்னல் போட்டது. பால் பன், அரை முட்டை. குப்புறப் படுக்கப் பயந்தது, முதுகில் கை வைத்தால் படுத்தது. 87 வந்தது. தள்ளுவண்டி. மணி பத்தானது, அவர் வேலைக்குப் போகவில்லை.

“அம்மா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாங்களா?” என்றார்.

கேட்டார்கள் என்றேன்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

அன்றைக்கு நோட்டில் நான் தண்ணீர் கொடுத்ததை மட்டும்தான் எழுதினேன். தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னேன். அதை எழுதக் கை வரவில்லை.

“‘பரவாயில்லீங்க சம்பந்தி, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க’ன்னு சொன்னேன் தம்பி.”

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. என்னால் எழுந்து பக்கத்தில் போக முடியவில்லை. போகும் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஜூலை 18, ஞாயிறு

இரண்டு வாரமாக எந்தத் தகவலும் இல்லை. பிரதீபா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். நேற்று இவர் மாடி வரை ஏறினார், உட்காராமல்.

ஜூலை 25, ஞாயிறு

நவநீதன் வந்தார். பிரதீபாவும் அவரும் வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று பேசினார்கள். பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள். ஆவணியில் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொள்வது, இருபது பேருக்கு மேல் வேண்டாம், வருகிற எல்லோரும் சோதனை செய்துகொண்டு வர வேண்டும் என்று பிரதீபாதான் சொன்னாள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது நவநீதன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

“கல்யாணம் நடக்கும். அதுல ஒண்ணும் மாத்தமில்லீங்க. ஆனா உங்களை அத்தைன்னு கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரல. வரும்போது கூப்பிடறேன்.”

சரிங்க தம்பி என்றேன்.